ஆமைப் படம் ஒட்டிய பிள்ளை

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்களுக்குத் தலைப்பாகைகூடப் போகவில்லை. ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

கல்லூரியில் கடைசி வருஷம். குழு குழுவாகப் பிரிந்து, பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற ரோபோ ஒன்றைச் செய்ய வேண்டும். செய்து மேசையில் வைத்தால் போதாது. நிஜப் பிள்ளைகளிடம் விட்டு ஓட்டிக் காட்ட வேண்டும், கடைசியில் நடுவர்கள் வந்து வகுப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் குழுவில் மூன்று பேர். மோட்டாரும் சக்கரமும் பார்ப்பவளை ஸ்க்ரூ என்று கூப்பிடுவோம். வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளாமல் அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. புரோகிராம் எழுதுகிறவன் கணக்குப்பிள்ளை. ஒரு ஜோக் சொன்னால் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் சிரிப்பான். நான் உடம்பும் குரலும். ரோபோவின் உடம்பு, ரோபோவின் குரல். என்னுடைய சொந்த உடம்பையும் குரலையும் பற்றி என் வீட்டில் வேறு அபிப்பிராயம் உண்டு.

ரோபோவுக்கு நாங்கள் வைத்த பெயர் மூன்று வரி நீளம். மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம், உருண்டை உடம்பு, மேலே இரண்டு துணிக்காது. பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் பூசணி என்றார்கள். அதோடு எங்கள் மூன்று வரி காலி.

பூசணி வேலை செய்கிற விதம் எளிமையானது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கூடை, அதில் பந்து, கட்டை, வளையம். பூசணி உருண்டு வந்து ஒரு பிள்ளையின் முன்னால் நின்று, "சிவப்புப் பந்தைக் காட்டு" என்று கேட்கும். பிள்ளை எதை எடுத்துக் காட்டுகிறது என்பதை அதன் கண்ணுக்குள் இருக்கிற காமிரா பார்த்துக்கொள்ளும். சரியாகக் காட்டினால் காதை நிமிர்த்தி, "சபாஷ்" சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடும். தப்பாகக் காட்டினால் போகாது. காதைத் தொங்கப்போட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து, "பரவாயில்ல, இன்னொரு தடவை பார்க்கலாமா" என்று கேட்கும். பிறகும் தப்பு, அதற்கும் பிறகும் தப்பு என்றால்தான், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும். தெரிந்த பிள்ளையைவிடத் தெரியாத பிள்ளையிடம் அதிக நேரம் நிற்கட்டும் என்று நாங்கள்தான் அப்படி எழுதினோம். எழுதிய அன்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். வாத்தியார்களுக்குக்கூட இல்லாத பொறுமை என்று ஸ்க்ரூ சொன்னபோது வாயிலிருந்து ஒரு ஸ்க்ரூ விழுந்தது.

குரலைப் பதிவு செய்தது ஹாஸ்டலில், என் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு. வெளிச்சத்தம் விழக் கூடாது அல்லவா. கணக்குப்பிள்ளை அதைக் கொஞ்சம் கீச்சென்று ஆக்கிவிட்டான். போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். யார் பெற்ற பிள்ளையோ, சளி பிடித்திருக்கிறது போல என்றாள். பெற்ற தாயே கண்டுபிடிக்கவில்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியைப் பிடித்துக்கொடுத்ததும் நான்தான். என் அக்கா மகள் அங்கே படிக்கிறாள். அவளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். ஆள் அத்தனை சின்னது, காரம் அத்தனை பெரிது. ஆனால் காரமெல்லாம் வீட்டோடு சரி. பள்ளி வாசலை மிதித்தால் வாய்க்குப் பூட்டு. ஹாஸ்டலுக்குப் போகும்வரை நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மிளகுக்கும் எனக்கும் ஒரே கட்டில், ஒரே போர்வை, அதில் முக்கால் பங்கு அவளுக்கு. பூசணி வேலை மும்முரமானதும் ஹாஸ்டலுக்கு மாறினேன். வாரம் ஒரு முறை போவது மாதம் ஒரு முறை ஆயிற்று, அப்புறம் அதுவும் போனில் பேசுவதாகச் சுருங்கிவிட்டது.

எங்கள் பேராசிரியைக்கு ஒரு விதி உண்டு. குழுவில் இருக்கிறவர்கள் வகுப்புக்குள் காலடி வைக்கக் கூடாது. வைத்தால் பிள்ளைகள் மெஷினைப் பார்க்காமல் எங்களைப் பார்ப்பார்கள். பிள்ளைகளின் பெயரும் எங்களுக்குத் தெரியக் கூடாது. பெயர் தெரிந்தால் பாசம் வரும், பாசம் வந்தால் கணக்கு போகும் என்பார். அதனால் பள்ளி டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் ஒரு மிருகத்தின் படத்தை ஒட்டிவிட்டார். எங்களுக்கு அது வெறும் யானை, வாத்து, புலி. பூசணியை டீச்சர் காலையில் எடுத்து விடுவார், சாயங்காலம் நாங்கள் வாசலில் வாங்கிக்கொண்டு போய் அன்றைய பதில்களைப் பார்ப்போம். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு.

புலி முழுக்கப் பச்சை. அதைப் பார்த்த முதல் நாளே அது மிளகுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, விதி இருக்கிறதே. ஆனால் மனசுக்குள், நம்ம வீட்டுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று ஒரு குதியாட்டம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் பெற்ற குஞ்சுகூட இல்லை.

ஆமை முழுக்கச் சிவப்பு. முதல் வாரமும் சிவப்பு, அடுத்த வாரமும் சிவப்பு. பந்து கேட்டால் கட்டை, மூன்று கேட்டால் ஐந்து. ஆமையை வைத்து நாங்கள் செய்த கேலி கொஞ்சநஞ்சம் இல்லை. முதுகில் ஓடு இருக்கிறதே, எதுவும் உள்ளே இறங்காது என்று சொன்னது வேறு யாரும் அல்ல, இந்த வாய்தான். அதோடு விட்டோமா? நடுவில் ஒரு கூட்டத்தில் எல்லாக் குழுக்களும் தங்கள் வேலையை விளக்க வேண்டியிருந்தது. நான் எழுந்து, எங்கள் பூசணி பின்தங்கும் பிள்ளையைக்கூடக் கண்டுபிடித்துவிடும், இதோ பாருங்கள் என்று ஆமையின் சிவப்பைச் சுவர் அளவுக்குப் பெரிதாகக் காட்டினேன். கைதட்டினார்கள், ஆனால் மற்றக் குழுக்களின் முகம் சுருங்கிவிட்டது. சாமானியத்தில் யாரையும் பாராட்டாத பேராசிரியை, இதைப் பள்ளிக்கும் தெரியப்படுத்துங்கள், அந்தப் பிள்ளைக்கு உதவியாக இருக்கும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே டீச்சருக்கு அனுப்பிவைத்தோம்.

அந்த வாரக் கடைசியில் அக்கா போன் செய்தாள்.

அக்கா பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறாள். வேலை நேரத்தில் போனைத் தொடவே மாட்டாள். எடுத்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம். டீச்சர் அவளையும் மாமாவையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை, எண் தெரியவில்லை, வடிவம் தெரியவில்லை. வகுப்பில் வாயைத் திறப்பதும் இல்லை. மூளையில் ஏதாவது கோளாறா என்று ஒரு டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. எப்படியும் இந்த வருஷம் மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது, கூட இருக்கிற பிள்ளைகள் போகட்டும், இவள் இங்கேயே இருக்கட்டும். வீட்டில் எல்லாம் சொல்கிறாளே என்று மாமா கேட்டதற்கு, பாசத்தில் நமக்கு அப்படித் தோன்றும், மெஷின் பொய் சொல்லாதே என்றாராம் டீச்சர்.

"எனக்கு பயமா இருக்குடி," என்றாள் அக்கா. "இல்லாததெல்லாம் வேற சொல்றா. சித்தி தினமும் ஸ்கூலுக்கு வர்றா, பக்கத்துல உக்காந்து பேசுறாங்கிறா. நீ எங்க வந்த? டீச்சர்கிட்ட அதைச் சொல்லவே எனக்கு வாய் வரல."

சட்டையில் என்ன படம் ஒட்டியிருக்கிறார்கள் என்று மெல்லக் கேட்டேன். ஆமை என்றாள்.

நான் அந்தப் பக்கம் இருக்கிறேனா என்று அக்கா இரண்டு மூன்று முறை கேட்டாள். இருந்தேன். சுவர் அளவுக்குக் காட்டினேனே அந்தச் சிவப்பு, அது என் கண்ணுக்குள் நின்றது. கூட்டத்தில் கைதட்டினார்களே, அது காதுக்குள் கேட்டது. அந்த மெஷின் என் கையால் செய்தது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கொன்றது.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் போனதும் பாய்ந்து வந்து முதுகில் ஏறுகிறவள், அன்றைக்கு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். காரணம் இருந்தது. அந்த வீடே பரீட்சைக் கூடமாக மாறியிருந்தது. சட்டை போட்டால் இது என்ன நிறம், தட்டு வைத்தால் எத்தனை தட்டு, கதவைத் திறந்தால் இது வட்டமா சதுரமா. மாமா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். அவரே செருப்பைத் தூக்கிப் பிடித்து, இது எந்தக் கால் செருப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க மிளகு வாயை இறுக்கிக்கொண்டாள். அவள் வாயை மூட மூட அக்காவின் முகம் வெளுத்தது. எனக்குத் தாங்கவில்லை. வேலை இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று மேசைக்கு அடியில் குனிந்து சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மிளகு தலையை மட்டும் ஆட்டினாள்.

நேராக எங்கள் பட்டறைக்குப் போனேன். மற்ற இரண்டு பேரிடமும் கொட்டித் தீர்த்தேன். ஸ்க்ரூ வாயிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தாள். கணக்குப்பிள்ளை பூசணியைத் தூக்கி நடுவில் வைத்தான். காமிராவில் கோளாறு இருக்கலாம், சிவப்பைக் கறுப்பாகப் பார்த்திருக்கலாம் என்று ஆளுக்கொரு கூடையோடு உட்கார்ந்தோம். காட்டினோம், காட்டினோம், காட்டிக்கொண்டே இருந்தோம். வெளிச்சத்தைக் கூட்டினோம், குறைத்தோம். கையை ஆட்டி ஆட்டிக் காட்டினோம். பூசணி ஒரு முறைகூடத் தவறவில்லை. நாம் செய்த மெஷின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழு உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். அது ஒவ்வொரு முறை "சபாஷ்" சொன்னபோதும் எனக்கு ஓங்கி ஒரு அறை கொடுக்கலாம் போல இருந்தது.

பேராசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னேன். அக்கா மகள் அந்த வகுப்பில் இருப்பதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். நியாயம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேனாம். அதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். பிறகு, நடுவர்கள் வருவதற்குமுன் ஒரே ஒரு நாள், பிள்ளைகள் கண்ணில் படாமல் பார்க்கலாம் என்றார். தும்மினால்கூட இந்த வருஷம் போய்விடும் என்றும் சொன்னார்.

வகுப்பின் மூலையில் ஒரு பொம்மலாட்டப் பெட்டி இருந்தது. அட்டையால் செய்தது, முன்னால் ஒரு சின்னத் திரை. பிள்ளைகள் வருமுன் டீச்சர் என்னை அதற்குள் திணித்தார். முழங்கால் தாடையில் இடிக்க, தலைக்கு மேலே ஒரு துணி முதலை தொங்க, திரையை ஒரு விரல் அளவு விலக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பாயில் ஆமை எனக்குப் பக்கவாட்டில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்.

பூசணி வட்டம் சுற்றி வந்தது. அவளுக்கு முன்னால் இருந்த பிள்ளைதான் புலி. நான் என் வீட்டுப் பிள்ளை என்று பூரித்தேனே, அந்தப் புலி. அவன் எதையோ மென்றுகொண்டே கேட்டதை எடுத்துக் காட்டினான். "சபாஷ்" வந்தது, பூசணி நகர்ந்தது. அவனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

பூசணி மிளகின் முன்னால் நின்றது. "சிவப்புப் பந்தைக் காட்டு" என்றது, என் அலமாரிக் குரலில்.

அவள் கை நேராகச் சிவப்புப் பந்துக்குப் போனது. தடுமாறவில்லை, தேடவில்லை. தொடப்போகிற நேரத்தில் நின்றது. பூசணியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்தாள். நீலப் பந்தை எடுத்துக் காட்டினாள்.

பூசணியின் காது தொங்கியது. நெருங்கி வந்தது. "பரவாயில்ல, இன்னொரு தடவை பார்க்கலாமா" என்றது. மிளகு முழங்காலைக் கட்டிக்கொண்டு இன்னும் வாகாக உட்கார்ந்தாள். வாசலில் நின்று கதை பேசுகிறவர்கள் சுவரில் சாய்ந்துகொள்வார்களே, அந்த மாதிரி. பிறகு கூடையைக் கிளறி, மிகவும் யோசித்து, பச்சைக் கட்டையைக் காட்டினாள். காது தொங்கியது. இன்னும் நெருங்கி வந்தது. மூன்றாவதாக மஞ்சள் வளையம். சிவப்புப் பந்து கையில் தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாதென்று அதை ஒரு ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அந்த வளையத்தை எடுத்தாள்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றது பூசணி.

மிளகு அதன் துணிக்காதைத் தடவிக்கொடுத்தாள். யாருக்கும் கேட்காத குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "சரி சித்தி" என்றாள்.

துணி முதலை என் தலையில் விழுந்தது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டு, தும்மல் வராமல், சத்தம் வராமல், மூச்சும் வராமல் அழுதேன். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கல் அப்படியே புரண்டு இறங்கியது. பிள்ளைக்கு எல்லாம் தெரிகிறது. சிவப்பும் தெரிகிறது, நீலமும் தெரிகிறது, இரண்டுக்கும் நடுவில் எதைச் செய்தால் யார் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதும் தெரிகிறது. பெற்ற தாய்க்குத் தெரியாத என் குரல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சந்தோஷமும் வலியும் ஒன்றாக வந்தன, எதை முதலில் அழுவது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் விளையாடப் போனதும் பெட்டியிலிருந்து விழுந்தடித்து வெளியே வந்தேன். டீச்சரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, சித்திமார்கள் இப்படித்தான் சொல்வார்கள், நடுவர்கள் வருகிற அன்று நானே கண்ணால் பார்க்கிறேன், அதற்கப்புறம் முடிவு செய்யலாம் என்றார். அதுவும் நியாயம்தான். அன்றைக்கு எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள், எரிச்சலாக இருந்தது.

அங்கிருந்து அக்காவின் பல் கூடத்துக்கு ஓடினேன். கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து, அந்தப் பல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. தன் மனசு ஆறட்டும் என்று கதை கட்டுகிறேன் என்று நினைத்தாள். அதனால் கையால் செய்து காட்டினேன். இப்படிப் போச்சு, இப்படி நின்னுச்சு, இப்படி நிமிர்ந்து பார்த்தா, இப்படி இழுத்துக்கிட்டா. சிவப்புப் பந்தை ஓரமாக ஒதுக்கிவைத்ததைச் சொன்னபோது அக்காவின் முகம் மாறியது.

"அது அப்படியே நீதான்," என்றாள். "நீ லீவு போடுறதுக்காக வயித்து வலின்னு சொல்லுவியே, சொல்றதுக்கு முன்னாடி பலகாரத்தை ஒளிச்சு வெச்சுட்டுத்தான் சொல்லுவ." அப்புறம் சுவரில் சாய்ந்து, பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பல் தெரியச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாயிற்று. "வயித்துல பால வார்த்தடி" என்று என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அந்த மேல்வரிசை என் காதைக் கடித்தது. மாமாவுக்குப் போன் செய்தோம். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்தார். இத்தனை நாளாக எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறாளே, கட்டாயம் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும், அவருக்கு ஏதாவது சொல்லித்தருவாள் என்றார். அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது.

பட்டறையில் கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டான். "எனக்குத்தான் புத்தி இல்ல," என்றான். "கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாக்கூட நடுவுல ஒண்ணு ரெண்டு சரியா விழுந்திருக்கணும். ஒண்ணுகூட விழல. எல்லாத்தையும் தப்பா காட்டணும்னா, எல்லாமே சரியா தெரிஞ்சிருக்கணும்."

சரியாகச் சொன்னால் போய்விடும், தப்பாகச் சொன்னால் கூடவே இருக்கும் என்று எழுதியது யார் என்று ஸ்க்ரூ கேட்டாள். மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர மெஷின் செய்யப்போய், தப்பாகச் சொன்னால் துணைக்கு ஆள் கிடைக்கும் என்கிற பாடத்தை அல்லவா சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகளுக்குத் துணை தேவைப்படவில்லை. தேவைப்பட்ட ஒருத்தி கற்றுக்கொண்டாள்.

விதியை மாற்றினோம். சரியோ தப்போ, பூசணி தானாகப் போகாது, தப்புக்காக நெருங்கியும் வராது. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும், கேள்வியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகும். போதும் என்று தோன்றும்போது பிள்ளை அதன் தலையில் ஒரு தட்டு தட்டினால்தான் கிளம்பும். எந்தப் பிள்ளையாவது தட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டால் நடுவர்கள் ஒரே பிள்ளையைத்தானே பார்ப்பார்கள் என்று கணக்குப்பிள்ளை புலம்பினான். ஓட்டிப் பாருங்கள் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். வேறு வழியும் இல்லை.

நடுவர்கள் வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் வகுப்புக் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். நடுவர்கள் இரண்டு பேர், பிள்ளைகளுடைய குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். புலி இரண்டு கேள்விக்குப் பதில் காட்டிவிட்டு, டீச்சர் காலையில் சொல்லிக்கொடுத்தபடி படாரென்று ஒரு தட்டு தட்டினான், அவனுக்கு வேறு வேலை இருந்தது. கணக்குப்பிள்ளை மூச்சு விட்டான்.

மிளகிடம் பூசணி வந்து நின்றது. நீலக் கட்டையைக் கேட்டது. அவள் பழக்கப்படி பச்சையைக் காட்டினாள். காது தொங்கியது, ஆனால் பூசணி வழக்கம்போல நெருங்கி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று இன்னொரு முறை கேட்டது. அவள் அதைச் சந்தேகமாகப் பார்த்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு, நடக்கிறது நடக்கட்டும் என்று நீலக் கட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, பூசணி கிளம்பிவிடுமோ என்று உடனே அதன் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"சபாஷ்" என்றது பூசணி. போகவில்லை.

அதற்கப்புறம் நான் பார்த்தது வாழ்நாளுக்கும் போதும். மூன்று வளையம் கேட்டது, கொடுத்தாள். சிவப்பு இரண்டு, மஞ்சள் ஒன்று கேட்டது, கொடுத்தாள். பெரியதிலிருந்து சின்னது வரை அடுக்கச் சொன்னது. அடுக்கியது போதாதென்று, பக்கத்துப் பிள்ளையின் கூடையிலிருந்தும் எடுத்து அடுக்கினாள். இது வரைக்கும் யாரும் போகாத கேள்விகளுக்கெல்லாம் பூசணி போனது. டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடி வழியாக என்னைத் தேடிப் பிடித்து, இரண்டு கையாலும் தன் காதைத் தொட்டுக்கொண்டு, பிறகு மேலே கையைக் காட்டினார். மேல் வகுப்பு. பக்கத்தில் நின்ற ஸ்க்ரூவை நான் கட்டிப்பிடித்த பிடியில் அவள் வாயிலிருந்ததை விழுங்காமல் இருந்தது பெரிய காரியம்.

ஆனால் கேள்விகள் தீர்ந்த பிறகும் மிளகு பூசணியை விடவில்லை. இரண்டு கையாலும் அதன் உருண்டை உடம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயில் மற்றப் பிள்ளைகள் நெளிந்தார்கள். ஒரு நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்ட மாட்டாள் என்றான் கணக்குப்பிள்ளை, அழாக்குறையாக. இன்னும் பாதி வட்டம் பாக்கி இருந்தது. டீச்சர் குனிந்து, தலையில் ஒரு தட்டு தட்டும்மா என்று சொல்லிப் பார்த்தார். மிளகு தலையை ஆட்டி மறுத்தாள்.

குழுவினர் வகுப்புக்குள் காலடி வைக்கக் கூடாது. விதி எனக்கு மனப்பாடம். கதவைத் திறந்தேன். பேராசிரியை என்னைப் பார்த்தார், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்காகப் பிறகு எங்களுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். குறைத்துக்கொள்ளட்டும், மிச்சம் இருந்ததே தேறுவதற்குப் போதுமானதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பாயில் அவளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

மிளகு என்னைப் பார்த்தாள். பூசணியைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். பிறகு கட்டியிருந்த கையை அவிழ்த்து, பூசணியின் தலையில் மெல்ல ஒரு தட்டு தட்டினாள்.

"நீ போ," என்றாள் அதனிடம். "சித்தி வந்தாச்சு."

பூசணி காதை நிமிர்த்திக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் உருண்டு போனது.